மனையும் வாக்கும்: கீழத்தஞ்சைச் சேரிகளின் தேர்தல் வரலாறு

(வெண்மணித் தியாகிகள் நினைவுப் பொழிவின் எழுத்து வடிவம், டிசம்பர் 2025)



1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேரின் நினைவாக நாம் கூடியிருக்கிறோம். இது 57ஆம் ஆண்டு. அந்தத் தீயைப் பற்றி ‘குருதிப்புனல்’ முதல் ‘செந்நெல்’ வரை நாவல்கள் வந்திருக்கின்றன. கவிதைகள் வந்திருக்கின்றன, ஆவணப்படம் வந்திருக்கிறது. அவற்றின் குறை நிறைகளை இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். ஆனால் அதே சேரிகளிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒரு முறை விடியற்காலையில் கிளம்பிப் போய், வரிசையில் நின்று, விரலில் மை வாங்கிக்கொண்டு திரும்பிய மக்களைப் பற்றி நம் இலக்கியம் மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறது. எரிந்தவர்களாக நம்மை எல்லோருக்கும் தெரியும். வாக்களித்தவர்களாக நம்மைக் கட்சிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் இந்த ஆண்டுப் பொழிவின் பொருளாக வாக்கை எடுத்துக்கொண்டோம். இப்போது எடுத்துக்கொள்ள அவசரமான காரணமும் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

நீர் பாயும் வழியும் வாக்குப் பாயும் வழியும்

பழைய தஞ்சை மாவட்டம் 1991இல் நாகை, 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை என்று பிரிந்தது. பிரிவதற்கு முன்பே அதற்குள் இரண்டு அரசியல் நிலங்கள் இருந்தன. மேற்கே போகப் போகச் சொந்த நிலமோ குத்தகை நிலமோ உள்ள சிறு விவசாயிகள் கூடுவார்கள். கிழக்கே, கடைமடையில், நிலம் சிலர் கையிலும் உழைப்பு பலர் கையிலும் இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 34 சதவீதம், நாகையில் 31 சதவீதத்துக்கு மேல், தஞ்சாவூரில் சுமார் 19 சதவீதம். தமிழ்நாட்டின் சராசரி 20.

இந்த மாவட்டத்தை ஆராய்ந்த மார்ஷல் பூட்டன் என்ற அமெரிக்கர் 1985இல் ஒரு நூல் வெளியிட்டார். பாசன நிலம் செறிந்து, நிலமற்ற கூலிகள் மிகுந்து, நடுத்தர விவசாயி குறைந்த பகுதிகளில்தான் பொதுவுடைமைக் கட்சிகள் வேரூன்றின என்பது அவருடைய முடிவு. நம் பெரியவர்கள் இதை நூல் இல்லாமலே அறிவார்கள். எங்கே களத்தில் கூலி நெல் அளக்கும்போது தலைகள் கூடுமோ அங்கே செங்கொடி பறந்தது.

நாகப்பட்டினம் நாடாளுமன்றத் தொகுதியில் 1971 முதல் 2024 வரை, இடைத்தேர்தலையும் சேர்த்து, எட்டு முறை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வென்றிருக்கிறது. திருத்துறைப்பூண்டி சட்டமன்றத் தொகுதியைப் பல பத்தாண்டுகள் பெரும்பாலும் அக்கட்சியே வைத்திருந்தது. வெண்மணி இருக்கும் கீழ்வேளூர்த் தொகுதி 2011இல் முதல் தேர்தலைச் சந்தித்தது. அப்போதும் 2021இலும் அதை மார்க்சிஸ்ட் கட்சி வென்றது. ஆனால் இதை வைத்துக் கீழத்தஞ்சையை வெறும் சிவப்பு நிலம் என்று எழுதிவிடக் கூடாது. 1980இலும் 1999 முதல் 2009 வரையிலும் இதே நாகையைத் தி.மு.க. வென்றது. 1984இலும் 2014இலும் அ.தி.மு.க. வென்றது. இடதுசாரிகள் வென்ற தேர்தல்களிலும் கூட்டணிக் கணக்கு இருந்தது. ஒரே குடும்பத்தில் தகப்பன் கதிர் அரிவாளுக்கும், தாய் இரட்டை இலைக்கும், மகன் உதயசூரியனுக்கும், பேரன் பானைக்கும் வாக்களித்த வீடுகள் நம் தெருக்களில் ஏராளம். சாய்வு என்று நாம் சொல்வது இந்த எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

வாக்கு வந்த வழி

விடுதலைக்கு முந்திய சட்டமன்றத் தேர்தல்களில் சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் வாக்குரிமை. பண்ணையாளுக்கு மூன்றுமே கிடையாது. 1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்ன நாளிலிருந்தே வாக்குரிமை பற்றிப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். வட்டமேசை மாநாட்டில் அவரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து வைத்த கோரிக்கைகளில் வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்பதும் ஒன்று. இந்த நாட்டில் அனைவருக்கும் வாக்கு என்பதைத் தொடக்கத்திலேயே உரக்கக் கேட்டவர்கள் வரிசையில் தீண்டாதார் தலைவர்கள் முன்னால் நிற்கிறார்கள். இதை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பதில்லை. ஆகவே நாம் சொல்லவேண்டியிருக்கிறது.

அதே காலத்தில் இங்கே இன்னொரு வேலை நடந்தது. 1943இல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியது. கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் சேரிக்குள் தங்கினார், சேரியில் சாப்பிட்டார். அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக்கொடுத்தார். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்தியது. வாக்குச்சீட்டு வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே நிமிர்ந்து நிற்கும் பழக்கம் வந்துவிட்டது. அந்த முன்தயாரிப்பு இல்லாமல் 1952 நடந்திருக்காது.

1952இல் முதல் பொதுத் தேர்தல். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகத்தான் சின்னம் வந்தது. கம்யூனிஸ்டுகளுக்குக் கதிரும் அரிவாளும். விடிந்தால் கையில் எடுக்கும் கருவி பெட்டியின் மேல் இருப்பதைப் பார்த்த பண்ணையாளுக்கு யாரும் விளக்கவுரை சொல்லவேண்டியிருக்கவில்லை. மாயூரம் நாடாளுமன்றத் தொகுதியில் கே. அனந்த நம்பியாரும், மன்னார்குடி சட்டமன்றத் தொகுதியில் மணலி கந்தசாமியும் வென்றார்கள். சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152தான் கிடைத்தது. அறுதிப் பெரும்பான்மை இல்லாமல் ராஜாஜி முதல்வரானார். ஆகஸ்டில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. ராஜாஜி பொதுவுடைமைக்கு மாறிவிட்டாரா? இல்லை. கீழத்தஞ்சையின் பெட்டிகள் திறந்து எண்ணப்பட்டிருந்தன, காரணம் அதுதான். ஒரே ஆண்டுக்குள் ஒரு வாக்கு ஒரு சட்டமாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் பகுதியில் இல்லை.

சட்டம் வந்ததும் மிராசுதார்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பண்ணையாள் என்றால்தானே பாதுகாப்பு? பண்ணையாட்களை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். வாக்கு ஒரு கதவைத் திறந்தது. நிலம் இன்னொரு கதவைச் சாத்தியது.

குடியிருக்கும் மண் யாருடையது?

தலைப்பில் மனை என்ற சொல்லை வைத்ததற்குக் காரணம் இனிதான் வருகிறது. அந்தக் காலத்துச் சேரிக் குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. அவர் சொன்ன சின்னத்துக்கு வாக்களிக்கவில்லை என்று தெரிந்தால் வேலை மட்டும் போகாது, அடுப்பு வைத்த இடமும் போய்விடும். காரியக்காரர் வந்து சட்டியையும் பானையையும் வெளியே எடுத்துவைத்தால் கேட்க நாதியில்லை. அப்படிப்பட்டவருக்கு இரகசிய வாக்கு என்பது காகிதத்தில் இருந்த உரிமைதான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லவுண்டஸ் என்று ஒரு கவுன்ட்டி. நம்மூர் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு. பருத்தி விளையும் மண். மக்களில் பத்துக்கு எட்டுப் பேர் கறுப்பர்கள். 1965ஆம் ஆண்டு தொடங்கியபோது அங்கே வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர் பெயர்கூட இல்லை. ஆண்டுக் கடைசியில், வாக்காளராகப் பதிவுசெய்யத் துணிந்த குத்தகைக் குடும்பங்களைப் பண்ணையார்கள் வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். அவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் அடித்துக் குளிரிலும் மழையிலும் இருந்தார்கள். அங்கே அவர்கள் கட்டிய சொந்தக் கட்சிக்குக் கருஞ்சிறுத்தையைச் சின்னமாக வைத்தார்கள். அங்கேயும் எழுத்தறியாத வாக்காளருக்காகத்தான் சின்னம். 1966 தேர்தலில் தோற்றார்கள். 1970இல் அந்த இயக்கத்தின் ஜான் ஹ்யூலெட் அதே கவுன்ட்டியின் ஷெரீப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நேற்றுவரை தங்களை அடித்த காவல் துறையின் தலைமை அவர்கள் கைக்கு வந்தது. பருத்திக்குப் பதில் நெல்லையும், கூடாரத்துக்குப் பதில் வாய்க்கால் கரையையும் வைத்துப் பார்த்தால் நம் கதை தெரியும்.

ஆகவே நம்மைப் பொறுத்தவரை வாக்குரிமையின் மறு பாதி 1950இன் அரசமைப்பில் இல்லை. 1971இல் வந்த தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர் சட்டத்தில் இருக்கிறது. குடியிருந்த மனை குடியிருந்தவருக்கே சொந்தம் என்று அது சொன்னது. மனைக்கட்டு சொந்தமான பிறகுதான் பூத்துக்குப் போய்த் தன் இஷ்டத்துக்கு முத்திரை குத்தும் துணிவு தெருமுழுக்க வந்தது. மனைப்பட்டாவுக்காக இன்றும் தாலுகா அலுவலகத்தில் நிற்பவர்கள் வீட்டுக்காக மட்டும் நிற்கவில்லை.

திரண்ட வாக்கும் எரிந்த குடிசையும்

இங்கே நாம் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய கடினமான கேள்வி ஒன்று உண்டு. 1967 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் சுமார் 76 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அதற்கு முன் அவ்வளவு பேர் திரண்டதில்லை. காங்கிரஸ் வீழ்ந்தது, அண்ணா முதல்வரானார். மார்க்சிஸ்ட் கட்சி அந்தக் கூட்டணியில் இருந்தது. கீழத்தஞ்சைக் கூலிகளும் மாற்றத்துக்கு வாக்களித்தவர்கள்தான். அடுத்த ஆண்டு டிசம்பரில் வெண்மணி எரிந்தது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம்.

நாகை நீதிமன்றம் 1970இல் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் உள்ளிட்டோரைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தஸ்துள்ள நிலவுடைமையாளர்கள் நேரில் போய்த் தீ வைத்திருப்பார்களா என்ற ஐயத்தின் பலன் அவர்களுக்குக் கிடைத்தது. சட்டமன்றத்தை மாற்றும் வலிமை வாக்குக்கு இருந்தது. காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் களத்து மேட்டையும் மாற்றும் வலிமை அதற்குத் தானாக வந்துவிடவில்லை. அரசியலில் சமம், சமூகத்திலும் பொருளிலும் சமமின்மை என்ற முரண்பாட்டுக்குள் நுழையப்போகிறோம் என்று 1949 நவம்பரில் அரசமைப்பு அவையில் அம்பேத்கர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்கு நம் பகுதியில் கிடைத்த சாட்சி ராமையாவின் குடிசை.

அதற்காக வாக்கு பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. வெண்மணிக்குப் பிறகு கணபதியா பிள்ளை ஆணையமும், 1969இல் நியாயக் கூலிச் சட்டமும், அதன்பின் மனைச் சட்டமும் வந்தன. உயிர் கொடுத்தவர்களும் வாக்குக் கொடுத்தவர்களும் சேர்ந்து பெற்றவை அவை. ஒன்றைவிட்டு இன்னொன்று வரவில்லை.

சதவீதத்துக்குள் இருப்பது என்ன?

இப்போதைய கணக்குக்கு வருவோம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு சுமார் 70 சதவீதம். நாகையில் சுமார் 72, சிதம்பரத்தில் 76. மத்திய சென்னையில் 54. படித்தவர்களும் வசதியானவர்களும் வாழும் தலைநகரம் வீட்டில் உட்கார்ந்திருக்க, கடைமடை வரிசையில் நின்றது. ஏழைக்கு அரசியல் விழிப்பு இல்லை என்று எழுதும் பத்திரிகைகள் இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் நல்லது.

நம் மக்கள் ஏன் இவ்வளவு பேர் போகிறார்கள்? ரேஷன் அட்டை, நூறு நாள் வேலை, முதியோர் பணம், மனைப்பட்டா எல்லாமே அரசோடு தொடர்புள்ளவை. அரசு இல்லாமல் வாழ வழியுள்ளவர் வாக்களிக்காமல் இருக்கலாம், நம்மால் முடியாது. இன்னொன்றும் உண்டு. ஆண்டு முழுதும் தனித்தனியாக இருக்கும் ஊரும் சேரியும் ஒரே வரிசையில் முன்பின்னாக நிற்கும் நாள் அது. அந்த நாளை நம் கிழவிகள் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆனால் சதவீதம் மறைப்பவையும் இருக்கின்றன. முதலாவது, இரகசியம். மின்னணு இயந்திரம் பூத் வாரியாக எண்ணப்படுகிறது. படிவம் 20 பூத் வாரியாக வெளியாகிறது. ஒரு பூத்தில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பேர். சேரிக்குத் தனிப் பூத் இருந்தால், அந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது அன்று மாலையே ஊருக்குத் தெரியும். தனி ஆளின் வாக்கு இரகசியம், தெருவின் வாக்கு பகிரங்கம். சாதிவாரியாகத் தெரு பிரிந்த நாட்டில் இது சின்ன விஷயமில்லை. அடுத்த ஐந்தாண்டில் குழாய் எந்தத் தெருவுக்கு வரும், விளக்கு எந்தத் தெருவில் எரியும் என்பதில் அது தெரியும். பல பூத்துகளின் வாக்கைச் சேர்த்து எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையமே 2008இல் பரிந்துரைத்தது. சட்ட ஆணையம் 2015இல் அதை ஆதரித்தது. இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. நம் கட்சிகள் எதுவும் அதை முதன்மைக் கோரிக்கையாக எடுக்கவில்லை.

இரண்டாவது, பணம். 2016 மே மாதம் வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்ததால் அரவக்குறிச்சியோடு தஞ்சாவூர்த் தொகுதியின் தேர்தலும் நிறுத்தப்பட்டு, நவம்பரில் நடந்தது. பணம் வாங்குபவர் சேரிக்காரர் என்ற பேச்சு உடனே கிளம்பும். பணம் எல்லாத் தெருவுக்கும் போகிறது. பழி மட்டும் நம் தெருவுக்கு வருகிறது. ஆனால் வாங்குவது வாங்கினவரோடு போகாது. கூலியைக் கேட்டுப் பெற்ற கை, கொடுத்ததை வாங்கும் கையாக மாறினால் அடுத்த முறை எதையும் கேட்க முடியாது. இதை நம் கூட்டங்களில் நாம்தான் பேசவேண்டும்.

மூன்றாவது, யாருக்கு வாக்களிக்கிறோம் என்பதில் நமக்கு எவ்வளவு தேர்வு இருக்கிறது என்பது. திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர், சீர்காழி, திருவிடைமருதூர், காட்டுமன்னார்கோவில் தனித்தொகுதிகள். அவற்றில் தலித் வேட்பாளரை நிறுத்தும் கட்சிகள் பொதுத்தொகுதியில் நிறுத்தத் தயங்குகின்றன. இதில் திராவிடக் கட்சிகளோடு, நாம் மதிக்கும் இடதுசாரித் தோழர்களிடமும் கேட்கிறோம்: சங்கத்தைக் கட்டியது நம் தெரு, கொடி பறந்ததும் நம் தெருவில்தானே? பொதுத்தொகுதி மட்டும் எப்படி எப்போதும் வேறு தெருவுக்குப் போகிறது?

விடுதலைச் சிறுத்தைகள் 1999 வரை தேர்தலைப் புறக்கணித்தார்கள். அந்த ஆண்டு சிதம்பரத்தில் திருமாவளவன் போட்டியிட்டபோது வாக்களிக்கப் போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. 2016இல் காட்டுமன்னார்கோவிலில் அவர் 87 வாக்கில் தோற்றார். ஒரு தெருவில் வேலைக்காக வெளியூர் போயிருந்தவர்களின் எண்ணிக்கையே 87 வரும். 2021இல் நாகப்பட்டினம் பொதுத்தொகுதியில் அதே கட்சியின் ஆளூர் ஷாநவாஸ் பானைச் சின்னத்தில் வென்றார். தலித் தலைமையிலான கட்சியின் சின்னத்தில் ஒரு இஸ்லாமியரைப் பொதுத்தொகுதி வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். முடியாது என்று சொன்ன கணக்குகளை இப்படிப்பட்ட முடிவுகள்தான் மாற்றும்.

பட்டியலில் பெயர்

தொடக்கத்தில் சொன்ன அவசரத்துக்கு வருகிறோம். 2025 நவம்பர், டிசம்பரில் தேர்தல் ஆணையம் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடத்தியது. வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். பருவமழையும் சம்பாக் களையெடுப்பும் ஒன்றாக வரும் மாதம் அது. ஆண்கள் திருப்பூரிலும் சென்னையிலும் கேரளத்திலும் கட்டட வேலையில் இருக்கும் மாதமும்கூட. டிசம்பர் 19இல் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குடிபெயர்ந்தவர், கண்டறிய முடியாதவர் என்ற கணக்கில் போனவை. இறந்தவர் பெயர், இரட்டைப் பதிவு ஆகியவற்றை நீக்குவதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பொங்கலுக்கும் தேர்தலுக்கும் ஊருக்கு வந்துவிடுகிற கூலிக்காரர் குடிபெயர்ந்தவரா? 2018இல் கஜா புயலில் கூரையோடு தாள்களையும் பறிகொடுத்த குடும்பம் எந்த ஆவணத்தைக் காட்டும்? நீங்கிய பெயர்களில் எந்தச் சாதியினர் எத்தனை பேர் என்று பட்டியல் சொல்லாது. அதைத் தெருத்தெருவாக நாம்தான் பார்க்கவேண்டும்.

இதில் ஒரு கணக்கையும் மறக்கவேண்டாம். நூறு பேர் பெயரில் எழுபது பேர் வாக்களித்தால் 70 சதவீதம். பட்டியலில் எண்பத்தைந்து பேரை வைத்துக்கொண்டு அதே எழுபது பேர் வாக்களித்தால் 82 சதவீதம். ஒரு ஆள்கூடக் கூடுதலாக வராமலே ஜனநாயகம் செழித்ததாகச் செய்தி வரும். அடுத்த தேர்தலில் சதவீதம் உயர்ந்தது என்று படிக்கும்போது, எதற்கு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

லவுண்டஸ் கவுன்ட்டி மக்கள் கூடாரத்தில் இருந்து பெற்றது வாக்களிக்கும் உரிமைக்கு முன்னால் பட்டியலில் ஒரு பெயர். அவர்களைக் காத்த 1965 சட்டத்தின் முக்கியப் பிரிவை 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே செயலற்றதாக்கியது. பெற்றுவிட்டோம் என்று நினைத்த உரிமையைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதுதான் அதில் பாடம்.

ஆகவே பேரவையின் சார்பில் ஒரே ஒரு வேண்டுகோள்.  இந்த அரங்கிலிருந்து போனதும் அவரவர் தெருவின் வாக்காளர் பட்டியலை எடுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மாலையில் ஒரு தெருவை முடித்துவிடலாம். விட்டுப்போன ஒவ்வொருவருக்கும் படிவம் 6 எழுதிக்கொடுங்கள். திருப்பூருக்குப் போன் போடுங்கள். எழுத்தாளர்கள் இந்த வேலையைச் செய்தால் எழுத்து குறையாது, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் உள்ள கதை கூடவே வரும்.

வெண்மணியின் 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தக் குழந்தைகள் பிழைத்திருந்தால் இன்று அறுபதைத் தாண்டி, ஏதோ ஒரு பூத்தில் முதியோர் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. ஏறிய பெயர்களையாவது நாம் காப்போம்.

வெண்மணித் தியாகிகளுக்கு வீரவணக்கம்.